ஒன்பது நாற்பதுக்கு நான் எழுதிய பெயர்

காலை ஒன்பது நாற்பதுக்கு அந்தப் பெயரை எழுதினேன். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். வெளியே வாங்கில் இன்னும் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பிள்ளைக்காம்பரா என்னும் குழந்தைக் காப்பகத்தை ஒட்டிய சிறிய அறையில் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் கிளினிக் அது. எழுதிய புத்தகம் கர்ப்பிணித் தாய்மார் பதிவேடு. அந்தப் பிள்ளைக்கு வயது பதினைந்து. அவள் கர்ப்பிணி அல்ல.

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதக்கூடாத இடத்தில் ஒருமுறை எழுதியாயிற்று.

குடும்பநல உத்தியோகத்தராக முப்பது வருடங்களுக்குக் கொஞ்சம் குறைய வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். சனங்களுக்கு மிட்வைப் மிஸ். பெண்பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் பாடசாலைகளில் புதிய பாடம் வரப்போகிறது என்று இப்போது பேச்சு அடிபடுகிறது. நான் வேலை பார்த்த பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று உத்தியோகத்தர்கள் போன மாதம் கண்டியில் என் வீட்டுக்கு வந்தார்கள். "மிஸ், நீங்க இத்தனை வருஷம் வகுப்பெடுத்திருக்கீங்க. உங்க அனுபவத்த எழுதித் தாங்க" என்றார்கள். பெருமையாக ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். எழுத உட்கார்ந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் வருகிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால் வீங்கும்வரை வார்ட்டில் நின்றோம், கை நடுங்காமல் பிரசவம் பார்க்கப் பழகினோம். விரிவுரைகளில் ஒன்று மட்டும் மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றது. முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே ஒரு பெண்பிள்ளை கர்ப்பமாகலாம், அரிது, ஆனால் நடக்கும் என்றார்கள். அன்றிலிருந்து "இன்னும் வயசுக்கு வரல மிஸ்" என்று யார் சொன்னாலும் நான் முழுதாக நம்பியதில்லை. நம்பாமலிருப்பதுதான் திறமை என்று எண்ணிக்கொண்டேன்.

வேலையைக் கற்றது குசுமா மிஸ்ஸிடம். எங்கள் மேற்பார்வை உத்தியோகத்தர், தெல்தெனியப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் நடந்து நடந்து பழகிய தமிழ் அவருடையது. கிளினிக்குக்கு வந்தால் உட்காரமாட்டார். குடையைக் கதவுப்பிடியில் கொளுவிவிட்டு, பதிவேட்டைப் பின்பக்கத்திலிருந்து திறந்து, பேனை மூடியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வருவார். ஒரு வரியில் மூடி நின்றால் கேள்வி வரும். "இந்த அம்மாகிட்ட கேட்டதா? பார்த்ததா? பிறகுதானே எழுதுறது?" கேட்பது, பார்ப்பது, எழுதுவது. இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

இன்னொரு விதியும் அவர் வாயில் எப்போதும் இருக்கும். பதிவேட்டில் பக்கம் கிழிக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. பிழையென்றால் சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையொப்பம். கோட்டுக்குள் இருக்கும் எழுத்து வாசிக்கக்கூடியதாகவே இருக்க வேண்டும். "பிழையும் தெரியணும்தானே" என்பார். நல்ல விதி என்றுதான் நானும் நினைத்தேன்.

பாடசாலை வகுப்புகள் வருடத்துக்கு இரண்டு முறை. நான் வகுப்புக்குள் போனதும் ஆசிரியைக்கு ஏதாவது வேலை வந்துவிடும். "நீங்க பேசுங்க மிஸ், நான் ஒபிஸ் பக்கம் போய்ட்டு வாறேன்." சுகாதாரப் புத்தகத்தில் அந்த அத்தியாயம் இருக்கத்தான் செய்தது. அதற்கு முந்திய அத்தியாயத்தையும் பிந்திய அத்தியாயத்தையும் படிப்பிப்பார்கள். நடுவிலிருப்பதை "வீட்ல வாசிச்சுக்கோங்க" என்று தாண்டிவிடுவார்கள். வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து வாசிக்க எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்?

அதனால் ஒரு பிஸ்கட் டின் கொண்டுபோவேன். கேள்விகளைப் பெயர் போடாமல் துண்டில் எழுதி அதில் போட வேண்டும். துண்டுகளை மேசையில் கொட்டி, கலக்கி, ஒவ்வொன்றாக வாசித்துப் பதில் சொல்லுவேன். குசுமா மிஸ் காட்டித்தந்த முறை அது. அதற்கும் இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார்: ஒரு துண்டையும் ஒதுக்கக்கூடாது, கையெழுத்தைப் பார்க்கக்கூடாது.

முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு. "மிஸ், இந்த டின்னுல பிஸ்கட் எப்ப வரும்?" என்று பின் வாங்கிலிருந்து ஒருத்தி கேட்பாள். "மிஸ்ஸுக்கு லவ் மேரேஜா?" என்று ஒரு துண்டு கட்டாயம் வரும். அதற்குப் பிறகுதான் உண்மையானவை வரும். ஆம்பிள்ளைப் பிள்ளை உட்கார்ந்த கதிரையில் உட்கார்ந்தால் வயிற்றில் பிள்ளை வருமா? அந்த நாட்களில் தலை முழுகினால் இரத்தம் உறைந்துவிடுமா? மாமா முறையில் ஒருவர் தொட்டால் யாரிடம் சொல்வது? கடைசி மாதிரிக் கேள்விகளுக்கு நான் குரல் மாறாமல் பதில் சொல்லப் பழகியிருந்தேன்.

அந்த வருடம் தரம் பத்து வகுப்பில் என் மகள் யாழினியும் இருந்தாள். எங்கள் குவாட்டர்ஸ் அந்தப் பாடசாலைக்குக் கிட்டத்தான். நான் டின்னைத் திறக்கும்போது மூன்றாவது வாங்கில், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் தரம் ஆறிலிருந்தே ஒரே வாங்கு.

கட்டக் கொப்பித் தாளில் கிழித்த ஒரு துண்டு கைக்கு வந்தது. "ஒவ்வொரு மாதமும் வயிறு வலிக்கிறது. ஆனால் ஒன்றும் வரவில்லை. அது ஏன்?" எழுத்துக்கள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அப்படி எழுதுவது என் மகள்.

அந்தத் துண்டை நான் வாசிக்கவில்லை. உள்ளங்கையில் மடித்து, யூனிபோம் பைக்குள் போட்டுக்கொண்டேன். "அவ்வளவுதான், எல்லாக் கேள்வியும் முடிஞ்சுது" என்றேன். மூன்றாவது வாங்கிலிருந்து இரண்டு சோடிக் கண்கள் என்னையே பார்த்தன. என் மகளின் கண்களை மட்டும்தான் நான் கவனித்தேன்.

ஒன்றும் வரவில்லை. அந்த இரண்டு சொல்தான் என் தலைக்குள் ஓடிற்று. வலி என்று முன்னால் எழுதியிருந்தது மறைந்தே போயிற்று. அன்று பின்னேரம், அவள் ரியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில் அலுமாரியைத் திறந்து நாப்கின் பொதியை எண்ணினேன். நான்கு குறைந்திருந்தது. அப்படியென்றால் சரிதானே என்று ஒரு மனம் சொன்னது. அம்மா எண்ணிப் பார்ப்பாள் என்று தெரிந்து எறிந்திருப்பாள் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனத்தைத்தான் நம்பினேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் "பயப்படாமல் அம்மாவிடம் சொல்லுங்கள்" என்று சொல்லிக்கொண்டு திரிந்த அம்மா நான்.

பிறகு அது ஒரு வியாதிபோல ஆயிற்று. அவள் போனில் சிரித்தால் யார் என்று பார்ப்பேன். குளியலறையில் நேரம் எடுத்தால் கதவடியில் நிற்பேன். ஒரு மாதத்துக்கும் மேலாக இப்படியே போன பிறகு, அவளுடைய விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதிகள் சில கண்டேன். ஏழு திகதிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "2 நாள்", "3 நாள்" என்று சிறிய எழுத்தில். யாரையோ சந்தித்த நாட்கள் என்று முடிவுகட்டினேன். இரண்டு நாள், மூன்று நாள் தொடர்ந்து எங்கே போயிருப்பாள், எப்போதும் என் கண்முன்னேதானே இருந்தாள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கொப்பியை எடுத்து என் கிளினிக் பைக்குள் ஒளித்துவைத்தேன்.

மூன்றாம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அந்தப் பிள்ளையை அவளுடைய அம்மா கூட்டிவந்தார். கொழுந்து பறிக்கப் போகாமல் அரைநாள் லீவு போட்டிருந்தார். "ரெண்டு நாளா ஒரே வயித்து வலி மிஸ். வாந்தியும் வருது. சிறுநீர் போகவும் கஷ்டப்படுறா."

படுக்கவைத்து வயிற்றைத் தொட்டேன். தொப்புளுக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக. இருபத்தெட்டு வருடங்களாக ஆயிரக்கணக்கான வயிறுகளைத் தொட்ட கை. நான்கு மாதம் என்று கை சொன்னது.

"பெரிய புள்ளையாயிட்டாளா?"

"இன்னும் இல்லீங்க மிஸ். எங்க அக்கா மககூட வந்துட்டா. இவதான்..."

நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருடைய புருஷனுக்குக் கொழும்பில் கடையொன்றில் வேலை, வருடத்துக்கு இரண்டு தடவைதான் வருவார். அப்பா வரும்வரை சடங்கைத் தள்ளிவைக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. அதுவரை பிள்ளை வயசுக்கு வந்ததை வெளியே சொல்லமாட்டார்கள். மறைக்கிறார் என்று எண்ணினேன். மறைக்கவில்லையென்றாலும் பயிற்சியில் கேட்ட அந்த விரிவுரை இருந்தது. இரண்டு பக்கமும் எனக்கு வழி இருந்தது. அந்தப் பிள்ளைக்குத்தான் ஒரு பக்கமும் வழி இல்லை.

கர்ப்பச் சோதனைப் பட்டியில் சிறுநீரைச் சோதித்தேன். ஒரு கோடு, கர்ப்பமில்லை. இன்னொரு பட்டியில் பார்த்தேன். அதுவும் அப்படியே. தண்ணீர் கலந்து தந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பலகைக் கதவு. வாங்கில் இருந்தவர்களுக்கு எல்லாம் கேட்கும் என்று தெரியும்.

"யாரு?" என்றேன்.

"யாரு மிஸ்?"

"தெரியாத மாதிரி நடிக்காத. யாருன்னு சொல்லு."

"யாருமில்ல மிஸ். வயிறுதான் வலிக்குது."

"எத்தனை மாசமா?"

"ஏழு மாசமா மிஸ். வரும், போகும்."

ஏழு மாதம். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நான்கு மாத வயிற்றோடு ஏழு மாதம் வந்து போகும் வலி எப்படிச் சேரும் என்று கேட்டிருக்க வேண்டும். "வாயத் தொறந்தா பொய்" என்றேன்.

அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்து, "யாழினிகிட்ட கேளுங்க மிஸ். அவளுக்கு எல்லாம் தெரியும்" என்றாள்.

இருவரும் கூட்டு என்றுதான் எனக்குக் கேட்டது. ஒருத்தி வயிற்றில் வந்துவிட்டது, மற்றவளுக்கு எப்போது?  அந்தப் பயத்தோடுதான் பதிவேட்டை இழுத்துப் பெயரை எழுதினேன். ஒன்பது நாற்பது.

பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் உடனே மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். அங்கிருந்து பொலிசுக்குப் போகும். சுகாதாரப் பணிமனைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அறிக்கையை மறுநாள் காலை தருவதாகவும் சொன்னேன். வலிக்கு ஒன்றும் செய்யாமல் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பினேன்.  வெளியே வந்தபோது வாங்கின் கடைசியில் இருந்த பெண், "என்னா மிஸ், அந்தப் புள்ளைக்கும் தாய்மார் கார்டு குடுத்தாச்சா?" என்று வாயைச் சேலையால் மூடிக்கொண்டு கேட்டாள்.

மத்தியானத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு மணிக்குள் பாடசாலையிலிருந்து அந்த வீட்டுக்குச் செய்தி போயிருந்தது: பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு அனுப்ப வேண்டாம்.

நாலு மணிக்கு யாழினி வீட்டுக்கு வந்தாள். புத்தகப் பையைக்கூட இறக்கவிடவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசையில் போட்டேன்.

"இது என்ன?"

"என் பேக்க ஏன் கிண்டினீங்க?"

"இது என்னன்னு கேக்குறேன்!"

"அவளுக்கு வயிறு வலிச்ச நாளும்மா. கத்தாதீங்க." பையை மெதுவாகக் கதிரையில் வைத்தாள். "வலிக்கும், ரெண்டு மூணு நாள்ல போயிடும். சுகாதாரப் புத்தகத்துல எண்ணச் சொல்லி இருக்கே, அந்த மாதிரி எண்ணிப் பாத்தோம். சரியா வருது. ஆனா ஒண்ணும் வரமாட்டேங்குது. அதுதான் கேட்டேன்."

"யார்கிட்ட கேட்ட?"

"உங்ககிட்டதான். டின்னுல."

கொப்பியை என் பக்கம் திருப்பினேன். முதல் திகதியிலிருந்து இரண்டாவதுக்கு இருபத்தெட்டு நாள். அடுத்ததுக்கு இருபத்தொன்பது. மறுபடி இருபத்தெட்டு. தாய்மாரின் திகதிகளை விரல்மடிப்பில் எண்ணியே வயதான விரல்கள் என்னுடையவை. இதை எண்ண அவை ஒருமுறைகூட மடியவில்லை. நான் படிப்பிக்க வந்த பாடத்தை இரண்டு பிள்ளைகள் தாங்களாகவே வாசித்து, நாள் குறித்து, சரியான கேள்வியை எழுதி, சரியான ஆளிடம் கொடுத்திருந்தார்கள்.

குசுமா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டார்.  முடிவில், "நீங்க அந்தப் பிள்ளைகிட்ட கேட்டதா, விசாரிச்சதா?" என்றார். பதிலுக்குக் காத்திராமலே சொன்னார்: "அறிக்கை எழுத வேணாம். நான் ஒபிசுக்குச் சொல்றது. காலையில வாறேன்."

முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். லயத்து வாசலில் குடையை வைத்துவிட்டு அந்தப் பிள்ளையின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். "மகள், வலி எப்ப தொடங்குறது, எங்க தொடங்குறது, சொல்லுங்க. அவசரம் இல்ல" என்றார். அவள் சொன்னாள். அப்போதுதான் அழுதாள்.

கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பெண் டொக்டர் ஒருவர் திரைக்குப் பின்னால் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், பிறகு எங்களை அழைத்தார். பிறப்பிலேயே யோனி வாசலில் ஒரு மெல்லிய சவ்வு வழியை மூடியிருக்கிறது. மாதவிடாய் ஏழு மாதமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, கெட்டியான உருண்டையாகியிருக்கிறது. சின்னதாக ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

"அப்ப எம்புள்ள கெட்டுப்போகலயா டொக்டர்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கெட்டுப்போறதுக்கு இதுல என்ன அம்மா இருக்கு? வழி அடைபட்டிருக்கு. ஏன் இவ்வளவு நாள் யாரும் கேட்கல்ல?"

குசுமா மிஸ் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

மறுவாரம் அவர் பதிவேட்டைத் திறந்து, தன் சிவப்புப் பேனையை என்னிடம் நீட்டினார். "இந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா மிஸ்?" என்று கேட்டேன். "ஏலாதுதானே" என்றார். அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தேன். பிழையான பதிவு என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

லயத்தில் கோடு போட ஒரு பேனையும் இல்லை. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கலைச்சிட்டு வந்துட்டாங்க" என்று பேச்சு மாறியது, அவ்வளவுதான். நான் வீடு வீடாகப் போய் உள்ளதைச் சொன்னேன். வெள்ளை யூனிபோமோடு அவர்கள் வாசலில் மறுபடி நின்றதே அந்தப் பேச்சுக்குச் சாட்சியாகிவிட்டது. மிட்வைப் போகும் வீட்டில் வேறென்ன விசேஷம் இருக்கும்? அவள் ஒரு தவணை முழுக்கப் பாடசாலைக்குப் போகவில்லை. பிறகு திகனவில் அத்தை வீட்டில் தங்கி, வேறு பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள்.

யாழினிக்கு இப்போது பதினெட்டு. என்னோடு நன்றாகத்தான் பேசுவாள். உடம்பைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கமாட்டாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, "அன்னிக்கு நீங்க கையெழுத்தப் பாத்தீங்கதானே?" என்றாள். ஆமென்றேன். தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். அந்த அறைக் கதவு மூடியிருக்கும்போது, இன்றைக்கும் என் கால் அதன் அருகில் போய் நின்றுவிடுகிறது. நானே பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறேன்.

இவ்வளவும் எழுதி நிறுத்தியிருந்தேன். இளையவர்களுக்கு ஒரு புத்திமதி சேர்த்து முடிக்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். போன சனிக்கிழமை பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். யாழினியின் சிநேகிதிதான், அந்தப் பிள்ளைதான் நின்றாள். இந்த மூன்று வருடங்களில் என் வீட்டுப் படியேறியது அன்றுதான். யாழினி வகுப்புக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

"தெரியும் மிஸ். உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். தேநீர் வேண்டாம் என்றாள். "எங்க அண்ணி மாசமா இருக்கா. புது மிஸ் பதிய வந்தாங்க. எங்க லயத்துப் பேரெல்லாம் பாக்கப் பழைய புத்தகத்தப் பொரட்டினாங்க. ஒரு பக்கத்துல நின்னு, என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க."

அந்தப் புது மிஸ், என்னை எழுதச் சொன்ன மூவரில் ஒருவர்.

"நான் கோடு போட்டுட்டேன் பிள்ளை" என்றேன். "சிவப்புல. பிழையான பதிவுன்னு எழுதிக் கையெழுத்தும் வெச்சிருக்கேன்."

அவள் தலையாட்டினாள்.  பிறகு, அன்று கிளினிக்கில் பார்த்ததுபோலவே என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"கோட்டுக்குள்ள என் பேர வாசிக்கலாமா மிஸ்?"